காணாமல் போகும் பூஜ்ஜியமும் ஜி கார்டு இலக்கும்

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும் இறாலுக்குச் சுங்க இலாகாவில் ஓர் எண் உண்டு. மீன், இறால், நண்டு எல்லாமே சுங்கத் தீர்வை அட்டவணையின் 3ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. அதனால் இறாலின் எட்டு இலக்க எண் 0306 என்று பூஜ்ஜியத்தில்தான் ஆரம்பிக்கும். முந்திரிப் பருப்புக்கும் அப்படித்தான், அது 0801. இந்த எண்ணை எக்ஸெல் ஷீட்டில் ஒரு செல்லில் அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். முன்னால் நின்ற பூஜ்ஜியம் போய்விடும். எட்டு இலக்கம் ஏழாகிவிடும். எக்ஸெல் அதை வெறும் எண்ணாகப் பார்க்கிறது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு அதன் கணக்கில் மதிப்பில்லை. கஸ்டம்ஸ் கணக்கில் அந்தப் பூஜ்ஜியம் இல்லாமல் ஷிப்பிங் பில் நகராது.

சின்ன விஷயம்தான். ஆனால் ஷிப்பிங் ஆபீஸிலும் கிளியரிங் ஆபீஸிலும் ஏற்றுமதி கம்பெனியிலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களின் நாள், இப்படிப்பட்ட சின்ன விஷயங்களிலேயே கழிகிறது. பாளையங்கோட்டை சாலையை ஒட்டிய மில்லர்புரத்திலிருந்தும் போல்டன்புரம், பிரையண்ட் நகர், டூவிபுரம் பக்கங்களிலிருந்தும் காலையில் டிபன் பாக்ஸோடு வண்டியில் கிளம்புகிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஹார்பர்தான் சோறு போடுகிறது. ஆனால் அவர்கள் கிரேன் ஓட்டுவதில்லை, மூட்டை தூக்குவதில்லை. வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 2024-25 நிதியாண்டில் 4.1 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாண்டது. கன்டெய்னர் எண்ணிக்கை இருபதடிப் பெட்டிக் கணக்கில் 8 லட்சத்தை நெருங்கியது. ஒரு பெட்டி கப்பலேறுவதற்குள் கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட், கஸ்டம்ஸ் புரோக்கர், கன்டெய்னர் சரக்கு நிலையமான சி.எஃப்.எஸ். யார்டு, டிரெய்லர்காரர், சரக்குக்காரர் என்று ஐந்து இடத்திலாவது அதன் எண் பதிவாகிறது. கஸ்டம்ஸுக்கு ஐஸ்கேட் தளம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்குச் சொந்த சாஃப்ட்வேர் இருக்கிறது. கணக்கு எழுத டேலி இருக்கிறது. ஒன்றோடொன்று பேசாத இந்த ஏற்பாடுகளுக்கு நடுவே விழும் எல்லா இடைவெளியையும் அடைப்பது எக்ஸெல் ஷீட்.

அப்படியிருந்தும் வேலைக்கு விண்ணப்பிக்கும் பயோடேட்டாக்களில் அந்தத் திறமைக்குக் கிடைப்பது ஒரே வரி: 'எம்.எஸ். ஆபீஸ் தெரியும்.' அந்த வரியால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எழுதியவருக்குத் தன் திறமை எங்கே நிற்கிறது என்று தெரியாது. வேலை கொடுப்பவருக்கு எதை நம்பி வேலை தருவது என்று தெரியாது. வருடங்கள் கழிந்து, 'எட்டு வருஷமா எக்ஸெல்லதான் இருக்கேன், ஆனா அதே டேபிள்லதான் இருக்கேன்' என்ற அலுப்பு வருகிறபோது அந்த வரி மட்டும் மாறாமல் இருக்கிறது. ஷீட்டில் எதைக் கற்றுக்கொள்வது, அதை வைத்து எந்தப் படியில் ஏறுவது என்ற இரண்டு கேள்விகளும் தனித்தனியாகப் பேசப்படுகின்றன. தூத்துக்குடி மாதிரி ஊரில் இரண்டும் ஒரே கேள்விதான்.

முதலில் ஷீட். 1978இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், வகுப்பில் கரும்பலகையில் எழுதப்படும் கணக்கு அட்டவணைகளைக் கவனித்தார். ஒரு எண் மாறினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டங்களையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறினால் என்ன என்ற யோசனையில் பிறந்தது விசிகால்க். பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து அவர் செய்த அந்த நிரல் 1979இல் விற்பனைக்கு வந்தது. பிறகு 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் மேக்கின்டோஷ் கணினிக்கு எக்ஸெல், 1987இல் விண்டோஸுக்கு எக்ஸெல். எல்லாவற்றுக்கும் உயிர் அந்த ஒரே யோசனைதான். ஆனால் இன்றைக்கும் நம் ஆபீஸ்களில் பக்கத்தில் கால்குலேட்டரை வைத்துக் கூட்டி, வந்த விடையை செல்லில் டைப் செய்கிற பழக்கம் இருக்கிறது. மேலே ஒரு பில் தொகை திருத்தப்பட்டால் கீழே உள்ள மொத்தம் அப்படியே நிற்கும். அந்த ஷீட்டை அச்சடித்த காகிதம் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

பூஜ்ஜியம் போவதற்கு மருந்து எளியது. எண்களை அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். சி.எஸ்.வி. கோப்பு வந்தால் அதை டபுள் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா பகுதிக்குப் போய் அங்கிருந்து உள்ளே இழுத்து, எந்த நெடுவரிசை எழுத்து, எது எண் என்று சொல்ல வேண்டும். இதே வியாதியின் இன்னொரு முகம் இ-வே பில் எண். அது 12 இலக்கம். எக்ஸெல் அதை 5.12E+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி அடிக்கிறவர்கள் உண்டு. அதில் எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. உண்மையான ஆபத்து 16 இலக்க எண்ணில். எக்ஸெல் 15 இலக்கத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும், திரும்ப வராது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்களை வைத்துச் சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள் இதை அறியாமல் இருக்கக் கூடாது.

தேதி இன்னும் மோசம். எக்ஸெலுக்குத் தேதி என்பதே ஓர் எண்தான். 1900ஆம் வருடம் ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது; 2025 ஜனவரி 1 என்றால் அதற்கு 45658. கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 03/07/2025 என்று நாம் அடிக்கும் ஜூலை 3, மார்ச் 7 ஆகப் பதிவாகும். 13/07/2025 என்று அடித்தால் பதிமூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆக, ஒரே நெடுவரிசையில் பாதி தப்பான தேதி, பாதி தேதியே அல்லாத எழுத்து. கன்டெய்னருக்கு 14 நாள் ஃப்ரீ டைம், அதற்குப் பிறகு நாள்கணக்கில் டிடென்ஷன் கட்டணம் என்று டாலரில் போடுகிற தொழிலில் இந்தக் குழப்பம் யாருடைய பாக்கெட்டிலிருந்து போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கண் போதும்: எக்ஸெல் ஏற்றுக்கொண்ட தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நிற்பது இடப்பக்கம் ஒட்டும். நாமே இடம் மாற்றாதவரை இந்த அடையாளம் பொய் சொல்லாது.

இடையில் இரண்டு வேண்டாத பழக்கங்களையும் சொல்லிவிடலாம். பணம் வந்த பில்லுக்கெல்லாம் மஞ்சள் அடிப்பது ஒன்று; தலைப்பு அழகாக இருக்க வேண்டும் என்று செல்களை மெர்ஜ் செய்வது இன்னொன்று. மஞ்சள் வரிசைகளை மட்டும் கூட்டு என்றால் சாதாரண பார்முலாவுக்குப் புரியாது. மெர்ஜ் செய்த இடத்தில் வரிசைப்படுத்தலும் ஃபில்டரும் தகராறு பண்ணும். 'நிலை' என்று ஒரு நெடுவரிசை போட்டு 'வந்தது', 'வரவில்லை' என்று எழுதினால் தீர்ந்தது.

ஷீட் தெரிந்தவர், பார்முலா மனப்பாடம் செய்தவர் என்ற இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கன்டெய்னர் எண்ணில் பார்க்கலாம். உலகம் முழுவதும் அது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் காவல்காரர் வேலை பார்க்கிறது. ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரநிலையின்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. ஏ என்றால் 10, பி என்றால் 12, இப்படியே 11இன் மடங்குகளைத் தவிர்த்துக்கொண்டு போகும். முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. பாடங்களில் அடிக்கடி வரும் உதாரணம் சி.எஸ்.க்யூ.யூ. 3054383. கூட்டினால் 6185 வரும், 11ஆல் வகுத்தால் மீதி 3. கடைசி இலக்கமும் 3. சரி. இப்போது அவசரத்தில் 38 என்பதை 83 என்று மாற்றி அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கூட்டல் 4905 ஆகிறது, மீதி 10, அதாவது 0. கடைசியில் இருப்பதோ 3. ஷீட் உடனே சிவப்புக் காட்டும்.

'அண்ணாச்சி, பெட்டி நம்பர் தப்பா இருக்குன்னு கேட்ல நிக்கச் சொல்லுதாங்க' என்று டிரெய்லர் டிரைவர் போன் செய்வதற்கு முன்பே, ஆபீஸ் மேசையிலேயே பிடித்துவிடலாம். இதற்குத் தேவைப்படுவது மதிப்புகள் அடங்கிய ஒரு சின்ன அட்டவணை, எழுத்தைப் பிரித்தெடுக்க மிட், மதிப்பைத் தேட வி-லுக்கப், மீதி காண மாட். நான்கும் எக்ஸெல் படித்த எல்லாருக்கும் தெரிந்தவைதான். அவற்றைத் தன் மேசையில் விழும் தவறோடு இணைத்துப் பார்க்கிற கண்தான் அபூர்வம்.

வி-லுக்கப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் கடைசி இடத்தில் 'ஃபால்ஸ்' அல்லது 0 போடாமல் விட்டால், சரியான பெயர் கிடைக்காதபோது அது வாயை மூடிக்கொண்டு பக்கத்து விடையைக் கொடுக்கும். பிழை என்று காட்டினால் திருத்தலாம். தப்பான சரக்குக் கட்டணத்தை நல்ல பிள்ளை மாதிரிக் காட்டினால் யார் கண்டுபிடிப்பது? புதிய எக்ஸெலில் உள்ள எக்ஸ்-லுக்கப் இந்த விஷயத்தில் யோக்கியமானது. சொல்லாதவரை அது சரியான பொருத்தத்தை மட்டுமே தேடும்.

ஏற்றுமதிக்காரர்களும் உப்பு வியாபாரிகளும் கடைக்காரர்களும் ஒன்றாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் ஜி.எஸ்.டி. 2022 ஜனவரி 1 முதல், சரக்கு விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டிய பில்லுக்குத்தான் வாங்கியவர் வரிக் கழிவு எடுக்க முடியும். அப்படிக் காட்டப்பட்ட பில்களின் 2பி பட்டியல் மாதா மாதம் 14ஆம் தேதி வருகிறது. மாதம்தோறும் ரிட்டர்ன் போடுகிறவர்கள் வரி கட்டும் 3பி ரிட்டர்னை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். நடுவில் கிடைக்கும் ஆறு நாளில் டேலியில் உள்ள கொள்முதல் பட்டியலையும் 2பியையும் ஒப்பிட வேண்டும். பெயரை வைத்து ஒப்பிடப் போனால் சிக்கல்தான்: ஒரே கடைக்கு ஒரு இடத்தில் 'அண்டு கோ', இன்னொரு இடத்தில் வெறும் 'கோ', மூன்றாவது இடத்தில் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது முருகனுக்கே மூன்று எழுத்துக்கூட்டல். பெயரை விட்டுவிட்டு, 33இல் தொடங்கும் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரு சாவி செய்து, அதை வைத்துத் தேடினால் ஆறு நாள் வேலை ஒரு மத்தியானத்தில் முடியும். எக்ஸெலிலேயே உள்ள பவர் க்வெரி தெரிந்தால் அடுத்த மாதம் ரிஃப்ரெஷ் பொத்தானோடு முடியும்.

இப்படித் தரம் பிரித்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுகிற ஒழுங்கு இந்தக் கடற்கரைக்குப் புதியதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்து வியாபாரிகள் முத்தை அப்படியே தராசில் போட்டதில்லை. 20, 30, 50, 80 என்று தொடங்கி 1000 வரை பெயர் கொண்ட பத்து சல்லடைகளில் முதலில் அளவுவாரியாகச் சலித்தார்கள். பிறகு உருண்டையையும் ஒளியையும் பார்த்து ஜாதி பிரித்தார்கள். அதற்குப் பிறகே மஞ்சாடி எடை. விலையும் எடைக்கு நேராக ஏறாது. எடையை எடையால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை அது. அதனால் ஒரே எடையில் இரண்டு பெரிய முத்துக்கும் இருபது சின்ன முத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள விலை வித்தியாசம் வந்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாகத் தொடர்ந்து நடந்தது 1955 முதல் 1961 வரை. சலிக்காத முத்துக்கு விலை சொல்ல முடியாததுபோல, ஒழுங்குபடுத்தாத தரவில் பிவட் டேபிள் போட்டால் வருவது அழகான பொய்.

பெரிய இடங்களிலும் இந்தப் பொய் வந்திருக்கிறது. 2010இல் ஹார்வர்டு பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் செலவைக் குறைக்க அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அவர்களுடைய ஷீட்டைக் கேட்டு வாங்கித் திறந்தார். 30 முதல் 49 வரையிலான வரிசைகளுக்குச் சராசரி எடுக்க வேண்டிய பார்முலா 44ஆம் வரிசையோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. கட்டுரையில் இதைவிடப் பெரிய கருத்து வேறுபாடுகளும் இருந்தன. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஐந்து வரிசைகளை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில், பழைய எக்ஸெல் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது என்பதால் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனது. ஹெர்ன்டன் செய்ததை யாரும் செய்யலாம். மேலதிகாரியின் ஷீட்டாகவே இருந்தாலும் பார்முலா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கிளிக் செய்து பார்ப்பது மரியாதைக் குறைவல்ல.

இனி இலக்கு. 'நல்லா வரணும்', 'எக்ஸெல்ல எக்ஸ்பர்ட் ஆகணும்' என்பவை ஆசைகள். இலக்கு வைப்பதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1968இல் உளவியலாளர் எட்வின் லாக் எழுதிய கட்டுரையிலிருந்து திரும்பத் திரும்ப வந்த முடிவு, 'முடிந்த அளவு செய்' என்று சொல்வதைவிட, கஷ்டமான, தெளிவான ஓர் எண்ணைச் சொல்வது நல்ல பலன் தரும் என்பது. அதற்குச் சான்றாக வந்த ஆய்வுகளில் லாரி ஓடும் இந்த ஊருக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் மரத்தடி ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டு போய்வந்தன. 'நல்லா ஏத்துங்க' என்று சொல்லிப் பார்த்தும் மாறவில்லை. கேரி லேதமும் ஜேம்ஸ் பால்டஸும், இலக்கு 94 சதவீதம் என்று எண்ணாகச் சொல்லி, ஒவ்வொரு நடையின் எடையையும் டிரைவர்களுக்குக் காட்டினார்கள். சில மாதங்களில் ஏற்றம் 90 சதவீதத்தைத் தாண்டியது. 1975இல் வெளியான ஆய்வு இது. கூடுதல் கூலி எதுவும் தரப்படவில்லை.

தூத்துக்குடியில் இலக்கை எண்ணாகச் சொன்னவர்களுக்கு முன்னோடி வ.உ.சி.தான். சொந்தக் கப்பல் ஓட்ட வேண்டும் என்ற ஆவேசத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது மூலதனம் 10 லட்ச ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள் என்று வகுத்துக்கொண்டு, பங்கு விற்க ஊர் ஊராக அலைந்தார். மறு வருடமே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரக் கம்பெனியும் அரசும் அதை நசுக்கிய கதை எல்லாருக்கும் தெரியும். எத்தனை பங்கு விற்றது, எத்தனை பாக்கி என்று தெரிந்த ஒரு மனிதரிடமிருந்துதான் அந்தக் கப்பல்கள் பிறந்தன என்பதை நாம் குறைவாகப் பேசுகிறோம்.

எண்ணாகச் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லாக்கும் லேதமும் 2002இல் தங்கள் ஆராய்ச்சிகளைத் தொகுத்து எழுதியபோது, வேலை புதிதாகவும் சிக்கலாகவும் இருந்தால் 'இவ்வளவு முடி' என்ற இலக்கு கெடுதல் செய்யலாம், 'இத்தனை வழிகளைக் கற்றுக்கொள்' என்ற இலக்கே நல்லது என்றார்கள். பவர் க்வெரி இன்னும் தெரியாத ஒருவரிடம் 'இந்த மாசம் ரெண்டு மணி நேரத்துல ரிப்போர்ட் வேணும்' என்றால் அவர் பழைய முறையிலேயே ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து முடிப்பார், கற்றுக்கொள்ள மாட்டார். 'இந்த மாசம் மூணு கோப்புகளை க்வெரி வழியா இணைச்சுக் காட்டுங்க, பழைய முறையும் கூடவே ஓடட்டும்' என்றால் கற்றுக்கொள்வார். வேகம் அடுத்த மாதம் வரும்.

கிளியரிங் தொழிலில் இருப்பவர்களுக்கு இலக்கை எங்கேயும் தேட வேண்டியதில்லை. சட்டமே படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறது. 2018ஆம் வருடத்துக் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகளின்படி மூன்று அடையாள அட்டைகள் உண்டு. முதல் படி எச் கார்டு; புரோக்கரின் ஆளாகக் கஸ்டம்ஸுக்குள் போய் வேலைக்கு உதவலாம். சுங்க இலாகா நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. பிளஸ் டூ படிப்பு போதும். ஜி கார்டு இருந்தால் ஷிப்பிங் பில்லிலும் பில் ஆஃப் என்ட்ரியிலும் புரோக்கர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பெறலாம். பட்டதாரியாக இருந்து ஜி கார்டில் இரண்டு வருட அனுபவம் சேர்ந்தால் எஃப் கார்டுக்கான எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் கலந்துகொள்ளலாம். அதில் தேறியவருக்குச் சொந்த உரிமத்துக்கான கதவு திறக்கிறது. சி.ஏ., எம்.பி.ஏ. படித்தவர்களுக்கும் அந்தத் தேர்வு உண்டு. ஆனால் பணக்காரப் படிப்பு இல்லாத ஒரு மில்லர்புரத்துப் பையனோ பெண்ணோ மேசை அனுபவத்தை வைத்தே அதே கதவுக்கு வர முடியும் என்பதுதான் இந்த விதியின் அருமை.

அந்தத் தேர்வுக்கு ஒரு ஷீட் போடலாம். வரிசைக்கு ஒரு தலைப்பு: 1962ஆம் வருடச் சுங்கச் சட்டத்தின் ஒவ்வொரு அத்தியாயம், தீர்வை அட்டவணையின் பகுதிகள், மதிப்பீட்டு விதிகள், ஜி.எஸ்.டி. நெடுவரிசைகளில் படித்த தேதி, மறுபடி பார்த்த தேதி, தானே வைத்துக்கொண்ட சோதனையில் வாங்கிய மார்க். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை திறந்து எந்தத் தலைப்பில் மார்க் குறைவு என்று வரிசைப்படுத்தினால், அடுத்த வாரம் எதைப் படிப்பது என்ற கேள்விக்கு விடை மேலேயே நிற்கும். இதற்குப் பயிற்சி நிலையம் வேண்டாம். இதே ஷீட்டில் இன்னொரு பக்கம்: இந்த மாதம் தன் ஆபீஸில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது, எந்தத் தவறு எத்தனை முறை வந்தது. சம்பள உயர்வு கேட்கப் போகிற அன்றைக்கு 'நான் கஷ்டப்பட்டு உழைக்கிறேன் சார்' என்பதைவிட, '2பி ஒப்பிட நாலு நாள் ஆனது, இப்போ அரை நாள். கழிவு விட்டுப்போன பில் இத்தனை கண்டுபிடிச்சேன்' என்று சொல்வதற்கு முதலாளிகள் காது கொடுப்பார்கள்.

அரசு வேலைப் பக்கம் பார்க்கிறவர்களுக்கு வேறு படிக்கட்டு. தட்டச்சர் வேலைக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வுகளோடு, ஆபீஸ் ஆட்டோமேஷன் என்ற கணினிச் சான்றிதழும் வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலையில் தட்டிவிட்டுக் கல்லூரிக்கு ஓடிய தலைமுறைக்கு அது பழகிய பாதைதான். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகத் திறன் பாடங்கள் தருகிறது. 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பை வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் படிக்கலாம். எந்தச் சான்றிதழும் ஷீட்டில் ஓடாத கையை ஓட வைத்துவிடாது; ஆனால் கதவைத் தட்டும்போது கேட்பார்கள்.

ஊரும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியில் மினி டைடல் பூங்கா திறந்தது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தது. மேற்கே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஜோஹோ, 2006 முதலே சொந்த ஷீட் ஒன்றை உலகத்துக்குக் கொடுத்துவருகிறது. அதை இணையத்தில் இலவசமாகவே பயன்படுத்தலாம். லைசென்ஸ் வாங்கப் பணமில்லை என்பது பழகாமல் இருப்பதற்குக் காரணமாகாது. பார்முலா எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டனவே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கருவி எழுதித்தரும், உண்மைதான். 13/07 தேதியாக நிற்கிறதா எழுத்தாக நிற்கிறதா, 2பியில் விட்டுப்போன பில் யாருடையது, அந்தக் கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது என்பதை மேசையில் இருப்பவர்தான் அறிவார். கையெழுத்தும் ஜி கார்டு வைத்திருப்பவருடையதுதான்.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஊர் ஆபீஸ்களில் நல்ல ஷீட் ஒன்றைச் செய்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, அதை யார் செய்தார் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் ஓடுகிறது. வ.உ.சி. கல்லூரி, காமராஜ் கல்லூரி, புனித மரியன்னை கல்லூரி, ஏ.பி.சி. மகாலட்சுமி கல்லூரி ஆகியவற்றிலிருந்து வந்து டாக்குமென்டேஷன் மேசையில் அமரும் பெண்கள், கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் இடைவெளி விட்டுத் திரும்பும்போது மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குகிறார்கள். அவர்கள் செய்துவைத்த ஷீட்டோ அந்த ஆபீஸை நடத்திக்கொண்டிருக்கும். ஷீட்டின் முதல் பக்கத்தில் செய்தவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் கற்றுக்கொள்ள விடுங்கள். ஜி கார்டு தேர்வு எழுதுகிறவர்களின் கட்டணத்தை ஆபீஸ் கட்டட்டும். தேறி வருகிறவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்று பயந்து எச் கார்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

மேசையில் இருப்பவர்களுக்கு: நாளைக்கு ஆபீஸ் போனதும் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஷீட்டைத் திறந்து, தேதி நெடுவரிசையில் எத்தனை செல் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உங்கள் முதல் மாத இலக்கு கிடைத்துவிட்டது.